நாற்பத்தோராவது பல்

என் பட்டமளிப்பு இரண்டு முறை நின்றுபோயிருக்கிறது. கல்யாணம் நின்றுபோன பெண்ணைப் பார்ப்பதுபோலத்தான் எங்கள் மலைக்கிராமத்தில் என்னைப் பார்ப்பார்கள். ரொட்டிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நான் வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பெயர் நீவெஸ், வயது இருபத்தேழு. ஐந்து வருஷத்தில் முடிக்கவேண்டிய இயந்திரப் பொறியியலை எட்டாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூடக் கொஞ்சம் தாராளமான சொல்தான்.

இத்தாலியின் பதுவையில் உலகம் அறிந்த பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. எங்களுடையது அதுவல்ல. ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றில் நடக்கும் சிறிய கல்லூரி. ஆனால் பட்டம் வாங்கும் நாளில் ஊர் வழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். வாய்மொழித் தேர்வு முடிந்து, குழு கூடிப் பேசி, எல்லார் முன்னாலும் மதிப்பெண்ணை அறிவித்த பிறகு தலையில் இலைவளையம் சூட்டுவார்கள். முயல் குழம்பில் போடுகிற அதே பிரிஞ்சி இலைதான். சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். அறிவிப்புக்கு முன்னால் அந்த வளையம் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் பட்டம் கிடைக்காது. நாங்கள் பொறியாளர்கள், இதையெல்லாம் நம்புவதில்லை. மீறுவதும் இல்லை.

அம்மா முந்தைய இரண்டு தடவையும் வளையம் வாங்கினாள். இரண்டும் வீட்டு அலமாரியில் காய்ந்தன. வீணாக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பதால், ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் என் பட்டம்தான் மணந்தது.

இரண்டு தடவையும் ஏன் நின்றது என்றால், நான் ஆய்வேட்டை முடிக்கவில்லை. அவ்வளவுதான் உண்மை. எந்த வேலையும் முக்கால் பங்கு வந்ததும் எனக்குக் கை நின்றுவிடும். ஒரு கை மட்டும் இல்லாத ஸ்வெட்டர் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அம்மாவிடம் மட்டும், என் கைடு பெர்காமினுக்குச் சிறுநீரகத்தில் கல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று சொன்னேன். இரண்டாம் தடவை அதே கல்லை இன்னொரு சிறுநீரகத்துக்கு மாற்றிவிட்டேன். அம்மா மூன்று பஸ் மாறி வந்து, அந்தோணியார் கோவிலில் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனாள்.

மூன்றாம் தடவை நான் முடித்ததற்குக் காரணம் நான் இல்லை, தார்சீஸியோ. என்னைவிட மூன்று வயது இளைய சக மாணவன். பழைய காலத்து அச்சுக் கருவிகளையும் வாசிப்புக் கருவிகளையும் ஓடுகிற நிலையில் திரும்பச் செய்ய வேண்டும் என்று பெர்காமின் ஒரு திட்டம் வைத்திருந்தார். தார்சீஸியோவுக்கு மரத்திருகு அச்சுப்பொறி விழுந்தது. எனக்குப் புத்தகச் சக்கரம்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பொறியாளர் வரைந்து வைத்த சக்கரம் அது. ஆள் உயரத்தைத் தாண்டும். சுற்றிலும் எட்டுச் சாய்வுத் தட்டுகள், தட்டுக்கு ஒரு கனத்த புத்தகம். எழுந்து போய்ப் புத்தகம் எடுக்கச் சோம்பல்படும் பண்டிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சக்கரத்தை இழுத்தால், அடுத்த புத்தகம் தானாகக் கண்முன் வந்து நிற்கும். திருவிழா ராட்டினத்தில் தொட்டில் கவிழாமல் சுற்றுகிறதே, அப்படி. ஆனால் தொட்டில் தொங்குவதால் ஆடும். ஆடுகிற புத்தகத்தை யார் படிப்பது? அதனால் உள்ளே பல்சக்கரங்கள். அசையாத நடுச்சக்கரம் ஒன்று, ஒவ்வொரு தட்டின் முனையிலும் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இடைச்சக்கரம் ஒன்று. நடுச்சக்கரத்துக்கு எத்தனை பல்லோ அத்தனையேதான் தட்டின் சக்கரத்துக்கும் இருக்க வேண்டும். நாற்பதுக்கு நாற்பது. அப்போதுதான் தட்டு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சாய்வு மாறாது. இடைச்சக்கரத்துக்கு எத்தனை பல் இருந்தாலும் கவலையில்லை.

கணக்கும் வரைபடமும் என்னுடையவை. மரம் அறுத்துப் பல் செதுக்கியது தார்சீஸியோ. பதிலுக்கு அவனுடைய அச்சின் திருகுக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவன் வேலையில் குறை சொல்லவே முடியாது. சீப்பைக்கூட நீளவாரியாக அடுக்கி வைக்கும் ஆள். சக்கரத்தைச் சோதிக்க ஒரு சுற்று முன்னால் சுற்றினால், உடனே ஒரு சுற்றுப் பின்னால் சுற்றி, பழைய இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் கையைத் துடைப்பான்.

ஒருநாள் நான் சொன்னேன், "டேய், ஒரு சுத்து சுத்தினதும் தட்டு கொஞ்சம் குனிஞ்ச மாதிரி இல்ல?"

"தரை கோணல். சர்க்கரை மூட்டை அடுக்கின தரை, பின்ன எப்படி இருக்கும்?"

சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தின் காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்துச் செருகினோம். நானூறு வருஷத்துப் பொறியியலுக்கு நாங்கள் செய்த திருத்தம் அது.

தேர்வு ஜூலை மாதம், வியர்வை சொட்டுகிற ஒரு வியாழக்கிழமை காலை. அம்மா எர்மீதாவும் சித்தி இனெஸும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். சித்தி கையில் சாப்பாட்டுக் கூடை. அம்மா கையில், துண்டு போட்டு மூடிய வட்டமான பை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அது வட்டமாக இருந்ததால்.

வராந்தாவில் பெர்காமின் எதிரே வந்தார். நல்ல உயரம், நல்ல ஆரோக்கியம், கையில் சைக்கிள் ஹெல்மெட். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புரொபசர்! இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு? சைக்கிள்லாம் ஓட்டலாமா?"

"ஏம்மா, ஓட்டாம?"

"இல்ல, ரெண்டு பக்கமும் கல்லுன்னாங்களே. சிறுநீரகத்துல."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்!"

பெர்காமின் தன் இடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர். "இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவினார். ஆனால் அம்மா முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பொய் சொல்கிற பிள்ளையின் முகம் அவளுக்குக் கண்ணாடியிலேயே தெரியும்.

"அவருக்கு ஒண்ணுமே வரலை இல்ல?"

"இல்லம்மா."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும் நான்தாம்மா முடிக்கலை."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மெழுகுவர்த்தி நல்ல பெரிசா வாங்கினேன்டி" என்று மட்டும் சொன்னாள். மண்டபத்துக்குள் போய் கடைசி வரிசையில், யாரோ முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்த ஒரு நாளாவது உருப்படியாக முடிய வேண்டும். இன்றைக்கும் நின்றால், இனி சொல்லப் பொய்யும் பாக்கி இல்லை, நம்ப அம்மாவும் பாக்கி இல்லை.

மேடையில் ஒரு பக்கம் என் சக்கரம். மறுபக்கம், எனக்கு அடுத்துத் தேர்வுக்கு நிற்கும் தார்சீஸியோவின் அச்சுப்பொறி, போர்வை போர்த்திக் கிடந்தது. எட்டுக் கனத்த புத்தகங்கள் கேட்டபோது நூலகம் கையை விரித்துவிட்டது. கடைசியில் வாட்ச்மேன் அறையில் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போட்டிருந்த வாய்க்கால் நிர்வாக விதிகள் எட்டுத் தொகுதிகளை வாங்கி வந்து அடுக்கினோம். குழுவில் ஐந்து பேர். தலைவர் பெர்காமினே. இன்னொருவர் நூலக வரலாற்றுப் பேராசிரியை மராங்கோன். அறுபது வயது, குள்ளமான உருவம், ரொம்ப உற்சாகம். அவருக்கு உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது.

என் பேச்சு நன்றாகவே போனது. கணக்கைச் சொன்னேன், படத்தைக் காட்டினேன், தடுமாறவில்லை. "நானே உக்காந்து பார்க்கலாமா?" என்று மராங்கோன் கேட்டார். அதற்குள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தும்விட்டார்.

ஒரு தட்டு வந்தது. அடுத்த தட்டு வந்தது. "அட, அட!" என்றார். முதல் சுற்று முடிந்தது. நான் பெருமையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மையார் நிறுத்தவில்லை. ஊஞ்சல் கிடைத்த குழந்தையாகக் காலை ஆட்டிக்கொண்டே இழுத்தார். இரண்டாம் சுற்றில் தட்டுகள் லேசாகக் குனிந்தன. மூன்றாவதில் எட்டுப் புத்தகங்களும் எட்டிப் பார்ப்பதுபோல முன்னால் சாய்ந்தன. இது எங்கள் கிடங்கு இல்லை, தேர்வுக்கென்று தனியாகக் கட்டிய மண்டபம்; தரை பளிங்கு, துளியும் கோணல் இல்லை; அட்டை செருக இடமே இல்லை. நான்காவது சுற்றில் தட்டுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றன. மூன்றாம் தொகுதி தட்டைவிட்டுக் கிளம்பி நேரே அம்மையாரின் மடியில் விழுந்தது.

"ஐயோ!" என்றார். உடனே, "மடியிலேயே கொண்டுவந்து குடுக்குதே!" என்றார்.

நான் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தேன். "பின்னால சுத்துங்க, புரொபசரம்மா! எத்தனை சுத்து வந்தீங்களோ அத்தனை பின்னால!"

பின்னால் சுற்றச் சுற்ற, தட்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, நல்ல பிள்ளைபோலப் பழைய சாய்வுக்கு வந்து நின்றன. வாத்தியார்கள் வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீவெஸ்," என்றார் பெர்காமின், "தட்டு சாயவே சாயாதுன்னு நாற்பது பக்கம் எழுதியிருக்கே."

"ஆமா புரொபசர்."

"சாயுது."

"ஆமா புரொபசர்."

"ஏன்?"

எனக்கு உறைத்துவிட்டது. ஒரே ஒரு வழியில்தான் அது சாயும். "பல்லை எண்ணணும் புரொபசர்," என்றேன். "தட்டுச் சக்கரத்துல நாற்பது இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? இதுவரைக்கும் எண்ணலையா?"

"எண்ணலை."

ஐந்து பேராசிரியர்களும் எழுந்து வந்தார்கள். ஒரு தட்டின் பல்சக்கரத்தைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். முதல் ஆள் நாற்பது என்றார். அடுத்தவர் நாற்பத்திரண்டு என்றார். மராங்கோன் முப்பத்தொன்பது. வெப்பவியல் வாத்தியார் நாற்பத்தொன்று வரை வந்து, எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாமல் இன்னும் எண்ணிக்கொண்டே போனார். "நீங்க என் பல்லையும் சேர்த்து எண்ணிட்டீங்க," என்று பெர்காமின் அவரிடம் கோபித்துக்கொண்டார். வகை நுண்கணிதத்தில் புலிகள் எல்லாரும். வட்டமாக இருப்பதை எண்ண வரவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள்.

"ஆரம்பிக்கிற பல்லுல அடையாளம் வையுங்க! பஸ்ஸுல பிள்ளைகளை எண்ணுறப்ப முதல் பிள்ளைக்குத் தொப்பி போட்டுட்டுத்தான் எண்ணுவேன்!"

"அடையாளத்துக்கு ஏதாவது இருக்கா?" என்று பெர்காமின் சுற்றிலும் பார்த்தார். பென்சில் கோடு கறுத்த மரத்தில் தெரியவில்லை. யாரிடமும் நூல் இல்லை, கயிறு இல்லை.

அம்மா அந்த வட்டப் பையைப் பார்த்தாள். சித்தி அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம் எர்மீதா! வேண்டவே வேண்டாம்!"

அம்மா பையைத் திறந்தாள். இலைவளையத்தை எல்லார் கண்ணுக்கும் தெரிய வெளியே எடுத்து, அதிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவினாள். மண்டபத்தில் "ஐயையோ" என்று ஒரு குரல் எழுந்தது. கெட்ட சகுனம் ஒட்டாமலிருக்க எல்லாரும் தொடுவதற்கு இரும்பைத் தேடினார்கள். நாற்காலிக் காலைத் தொட்டவர்கள் பாதி, சாவிக்கொத்தைப் பிடித்தவர்கள் பாதி. தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பையன் மேடைப் பக்கத்திலிருந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான். பொருளறிவியல் வாத்தியார் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எதையோ பிடித்துக்கொண்டார். அவருக்கு எது இரும்பு, எது இல்லை என்று நன்றாகத் தெரியும்.

அம்மா மேடைக்கு வந்து ஒரு பல்லில் ரிப்பனைக் கட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. அதிலிருந்து தொடங்கி, கண்டக்டர் மாதிரி சத்தமாக எண்ணினாள். நாற்பத்தொன்று.

"நடுச்சக்கரம்?"

நாற்பது.

"நாற்பத்தொண்ணு யார் செதுக்கினது?" என்று பெர்காமின் கேட்டார்.

என் வரைபடம் பத்திரமாக இருந்தது. அதில் நாற்பது என்று தெளிவாகப் போட்டிருந்தேன். நான் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், அடுத்த தேர்வுக்காரன் தலை உருண்டிருக்கும். காலையில்தான் ஒரு பொய் உடைந்திருந்தது. இன்னொருத்தன் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்க மனசு வரவில்லை. "எண்ணிப் பார்க்காதது நான்தான் புரொபசர்," என்றேன்.

தார்சீஸியோ எழுந்து நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நான்தான் செதுக்கினேன். எட்டுச் சக்கரத்துக்கும் வேணும்னேதான் ஒரு பல் கூட வெச்சேன்."

"வேணும்னேவா?"

"ரெண்டு சக்கரத்துக்கும் சமமா பல் இருந்தா, அதே பல்லும் அதே பல்லுமே திரும்பத் திரும்ப இடிச்சுத் தேயும். ஒண்ணு கூட்டி வெச்சா ஆள் மாத்தி மாத்தித் தேயும், ரொம்ப நாள் வரும். சமமா வைக்கிறவன் சோம்பேறின்னு ரெண்டாம் வருஷம் நீங்கதான் சொன்னீங்க, புரொபசர். நான் கட்டம் கட்டி எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டையே கையில் வைத்திருந்தான். மற்ற நான்கு பேராசிரியர்களும் மெதுவாகத் திரும்பிப் பெர்காமினைப் பார்த்தார்கள். அவர் காது சிவந்தது. மனிதர் பதினெட்டு வருஷமாக அந்த விதியை அடித்துச் சொல்லி வருகிறார். மாவு மில்லுக்கும் கார் கியருக்கும் அது தங்கமான விதி. உலகத்திலேயே அது செல்லாத சக்கரம் ஒன்று இருந்து, அதை அவரே எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

"அந்தக் கூடுதல் பல்லை இடைச்சக்கரத்துல வெச்சிருக்கலாமேடா," என்றார் சன்னமாக.

"வரைபடத்தை அவ தர்றதுக்கு முன்னாடி இடைச்சக்கரத்தை முடிச்சுட்டேன், புரொபசர்."

இதற்குள் மராங்கோன் மறுபடி சக்கரத்து நாற்காலியில் ஏறிக்கொண்டு கையைத் தூக்கினார். "எனக்கு ஒரு சந்தேகம். நான் சுத்திக்கிட்டே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அப்படி ஒரு கேள்வியை அதுவரை நானே கேட்டுக்கொண்டதில்லை. மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். "ஒரு சுத்துக்கு நாற்பத்தொண்ணுல ஒரு பங்கு குனியும், புரொபசரம்மா. இருபதைத் தாண்டும்போது எல்லாத் தட்டும் தலைகீழா நிக்கும். நாற்பத்தொண்ணு முடிஞ்சா ஒரு கரணம் அடிச்சு, பழைய சாய்வுக்கே சரியா வந்து நிக்கும்."

"காகிதத்துல நிக்கும்," என்றார் பெர்காமின். மூக்குடைபட்ட மனிதரின் குரல் அது. "மரத்துல நிக்குமா? உன் ஆய்வேட்டுல தட்டு சாயாதுன்னு இருக்கு, சாயுது. இப்ப நீ சொல்றதை மட்டும் நான் எப்படி நம்புறது? சுத்திக் காட்டு. நாற்பத்தொண்ணுல வந்து நின்னா, உனக்கு உன் சக்கரம் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம், பட்டம் குடுத்துடலாம். நிக்கலைன்னா அக்டோபர்ல பார்க்கலாம்."

புத்தகங்களை இறக்கினோம். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு இழுக்க ஆரம்பித்தேன். காலியாக இருந்தும் சக்கரம் கல்லாகக் கனத்தது. ஒரு சுற்று முடிந்ததும் முன்வரிசையில் யாரோ "ஒண்ணு" என்றார்கள். ஐந்தாவதில் மண்டபத்தில் பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். பத்தாவதில், இரண்டு நாற்காலி தள்ளி ஓடிய அந்தப் பையனும் கத்தினான். பதினைந்தில் தார்சீஸியோ மறுபக்கம் வந்து தள்ளினான். இருபதில் எட்டுத் தட்டுகளும் வௌவாலாகத் தலைகீழாகத் தொங்கின. "அழகு, அழகு!" என்று மராங்கோன் கைதட்டினார், அவருக்கு மட்டும் இது தேர்வு என்பதே மறந்துவிட்டது.

இருபத்தைந்தில் என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. முப்பதில் பெர்காமின் கையைக் காட்டினார்.

"போதும்மா. எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணால பார்த்தாச்சு. நான் ஒத்துக்கறேன். நிறுத்திடு."

சொன்னது நிஜமாகவே இரக்கத்தில். வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கும் நிறுத்தத்தான் ஆசை. கை தானாகவே தளர்ந்தது. நாற்பத்தொன்றில் முப்பது, கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கை இல்லாத ஸ்வெட்டர் நிற்கிற இடம், ஆய்வேடு இரண்டு தடவையும் நின்ற இடம்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்க்கவில்லை. குனிந்து கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் மாதிரி. நான் நிறுத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பெர்காமின் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

"இல்ல புரொபசர்," என்றேன். "இன்னும் பதினொண்ணு இருக்கு."

"அவசியமில்லம்மா. பட்டம் உனக்குத்தான்னு சொல்றேனே."

"எனக்கு அவசியம்."

தார்சீஸியோவையும் விலகச் சொன்னேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்துநான்கில் எங்கோ ஒரு சக்கரம் பன்றியாகக் கிறீச்சிட்டு இறுகிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. "சோப்பு! இல்லன்னா கொழுப்பு!" என்று தார்சீஸியோ கத்தினான். சித்தி இனெஸ் கூடையோடு மேடை ஏறினாள். மதியச் சாப்பாட்டு ரொட்டிகளைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பன்றிக்கொழுப்புத் துண்டுகளை உருவி, எட்டுச் சக்கரத்துக்கும் தேய்த்தாள். "ரோஸ்மேரி போட்டு ஊறவெச்சது," என்று குழுவிடம் விளக்கமும் சொன்னாள். மண்டபமே கமகமத்தது. சக்கரம் சத்தமில்லாமல் இளகிக் கொடுத்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. யாரும் இப்போது கத்தவில்லை. எல்லாரும் முணுமுணுப்பாகத்தான் எண்ணினார்கள். நாற்பதில் தட்டுகள் எங்கள் சர்க்கரைக் கிடங்கில் குனிந்த அதே அளவுக்கு, அந்தப் பக்கமாக மல்லாந்து நின்றன. கடைசிச் சுற்றை மெதுவாகத்தான் இழுத்தேன். பயம்தான். ஒரு பல் எங்காவது வழுக்கியிருந்தால்கூடப் போயிற்று.

நாற்பத்தொன்று.

எட்டுத் தட்டுகளும் எட்டு மேசையாக, முதலில் இருந்த அதே சாய்வில் நின்றன. பெர்காமின் பாக்கெட்டிலிருந்து கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தார். அடுத்த தட்டுக்கும் போய் வைத்துப் பார்த்தார். நான் மூன்றாம் தொகுதியைத் தரையிலிருந்து எடுத்து நடுத் தட்டில் வைத்தேன். வாய்க்கால் நிர்வாக விதிகள் அசையாமல் உட்கார்ந்தன.

"வந்திடுச்சு," என்றார் அவர். "கையை எடும்மா. இனி பிடிச்சிருக்க வேண்டாம்."

கையை எடுத்தேன். மண்டபம் கைதட்டியது, காதில் விழவில்லை. எனக்குக் கேட்டது கடைசி வரிசையில், பக்கத்தில் இருந்த அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் அம்மா சொன்னதுதான். சத்தம் போடவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்ப்பெயர் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"என் பொண்ணு. முடிச்சுட்டா."

அங்கேயே, ஐந்து பேராசிரியர்கள் முன்னால், கொழுப்பு மணக்கும் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

குழு கூடிப் பேசிவிட்டு ஏழு நிமிஷத்தில் வெளியே வந்தது. நூற்றுப்பத்துக்கு எண்பத்தெட்டு. எண்ணிப் பார்க்காததற்கு வெட்டு, மிச்சத்துக்குப் பட்டம். தார்சீஸியோவுக்கு அன்று மதியம் தொண்ணூற்றாறு கிடைத்தது. அவன் அச்சுத் திருகில் எத்தனை மரை என்று குழுவில் ஐந்து பேரும் தனித்தனியாக எண்ணிய பிறகுதான் கொடுத்தார்கள்.

எண்பத்தெட்டு என்பதை எங்கள் ஊரில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். நூற்றுக்குக் கீழே என்றால் "பாஸ் ஆயிட்டா" என்று மட்டும் சொல்லி, பேச்சைப் பனிக்கு மாற்றிவிடுவார்கள். மறுநாள் காலை அம்மா என்னை ரொட்டிக்கடைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போலப் பேச்சு நின்றது. அம்மா அந்த அமைதி முழுவதையும் எடுத்துக்கொண்டாள்.

"எண்பத்தெட்டு!" என்றாள், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி. "முழுசா!"